ஜெர்மனியில் கணவரைப் பிரிந்தால் மனைவியின் குடியிருப்பு அனுமதி என்ன ஆகும்?

நெக்கர்க்கரை (ஸ்டுட்கார்ட்):

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரைச் சேர்ந்தவள். எங்கள் திருமணம் 2021 பிப்ரவரியில் ஊரில் நடந்தது. கணவர் இங்கே மென்பொருள் பொறியாளர். காலவரையற்ற குடியிருப்பு அனுமதி வைத்திருக்கிறார். விசா தாமதமானதால் நான் 2022 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தேன். என்னிடம் இருப்பது மனைவி என்ற முறையில் கொடுக்கப்பட்ட அனுமதி அட்டை. அது 2026 மார்ச் வரை செல்லும்.

2024 டிசம்பரிலிருந்து கணவர் தனி அறையில் படுக்கத் தொடங்கினார். ஆனாலும் சமையல் ஒன்றாகத்தான் இருந்தது. வாடகையும் மளிகைச் செலவும் ஒரே வங்கிக் கணக்கிலிருந்து போயின. பொங்கலுக்கு நண்பர்கள் வீட்டுக்குச் சேர்ந்தே போனோம். 2025 மே மாதம் அவர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அவருடைய வழக்குரைஞரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் 2024 டிசம்பர் முதலே பிரிந்து வாழ்வதாக அதில் எழுதி, என் ஒப்புதல் கையெழுத்தைக் கேட்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் விவாகரத்து சீக்கிரம் முடியும், அதுவரை கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இரு, டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன் என்கிறார் கணவர். எப்படியும் விவாகரத்தானதும் என் அனுமதி தானாகவே ரத்தாகிவிடுமாம்.

இது உண்மையா? பிரிந்ததை வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு நானே சொல்ல வேண்டுமா? நான் பி.இ. படித்தவள், ஜெர்மன் பி1 முடித்திருக்கிறேன், வேலை இல்லை. இரண்டு முறை அவர் என்மீது கை நீட்டியிருக்கிறார். அதற்கும் இந்தக் கேள்விக்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

ஈசர் வாசகன் (மியூனிக்):

சகோதரி, முதலில் ஒன்று: அந்தக் கடிதத்தில் வழக்குரைஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். குடியிருப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி, கணவனும் மனைவியும் ஜெர்மனிக்குள் சட்டப்படி குறைந்தது மூன்று ஆண்டுகள் சேர்ந்து குடும்பம் நடத்தியிருந்தால், பிரிந்த பிறகு மனைவிக்குக் கணவரைச் சாராத சொந்த உரிமை பிறக்கிறது. 2011 வரை இது இரண்டு ஆண்டுகளாக இருந்தது. இந்தக் கணக்கு திருமண நாளிலிருந்து தொடங்குவதில்லை, நீங்கள் இங்கே வந்து சேர்ந்து வாழத் தொடங்கியதிலிருந்து தொடங்குகிறது. நீதிமன்றம் விவாகரத்து வழங்கும் நாளில் முடிவதுமில்லை, சேர்ந்து வாழ்வது நின்ற நாளில் முடிகிறது. உங்கள் விஷயத்தில் டிசம்பரை ஒப்புக்கொண்டால் இரண்டே முக்கால் ஆண்டுதான் தேறும். மே மாதம் என்றால் மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிடும்.

உங்கள் கணவர் இதைத் திட்டமிட்டுத்தான் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. இங்கே விவாகரத்துக்குப் பொதுவாக ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும் என்பதால், வழக்கைச் சீக்கிரம் முடிப்பதற்காகத் தேதியை முன்னுக்குத் தள்ளுவதும் உண்டு. ஆனால் அதன் விலையைக் கொடுக்கப்போவது நீங்கள். ஒரே வீட்டுக்குள்ளும் பிரிந்து வாழ முடியும் என்று சிவில் சட்டத்தின் 1567-ஆம் பிரிவு ஏற்கிறது என்றாலும், அதற்குப் படுக்கை தனியானால் மட்டும் போதாது. சமையல், துணி துவைத்தல், செலவு என்று குடித்தனமே பிரிந்திருக்க வேண்டும். எனவே அந்த ஐந்து மாத வங்கிக் கணக்கு அறிக்கைகள், இருவரும் சேர்ந்திருக்கும் படங்கள், குறுஞ்செய்திகள், கணவர் வீடு மாறியதும் நகராட்சியில் செய்த முகவரிப் பதிவு ஆகியவற்றை இன்றே சேகரித்து வையுங்கள்.

அனுமதி தானாக ரத்தாகும் என்பது தவறு. காலத்தைக் குறைக்கும் அதிகாரம் அலுவலகத்துக்கு உண்டு. ஆனால் அதற்குமுன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும், பிறகு எழுத்தில் ஆணையிட வேண்டும், அந்த ஆணையை ஒரு மாதத்துக்குள் நீங்கள் எதிர்க்கலாம். பிரிந்ததை மறைப்பது மட்டும் வேண்டாம். அட்டையை நீட்டிக்கும்போது இருவரும் சேர்ந்து வாழ்வதாகக் கையெழுத்துக் கேட்பார்கள், அங்கே பொய் சொல்வது தண்டனைக்குரிய குற்றம். வழக்குரைஞரைப் பார்த்துவிட்டு, சான்றுகளோடு நீங்களே தெரிவிப்பது நல்லது.

மூன்று ஆண்டு நிறுவப்பட்டால் முதலில் ஓராண்டு நீட்டிப்பு கிடைக்கும். அந்த ஓராண்டில் அரசின் வாழ்வாதார உதவி வாங்கினாலும் தடையில்லை. அதற்குப் பிறகு சொந்த வருமானத்தைப் பார்ப்பார்கள். உங்கள் பட்டம் இங்கே ஏற்கப்படுமானால், தகுதியான வேலையோடு திறன் பணியாளர் அனுமதிக்கு மாறிக்கொள்ளவும் வழி உண்டு. அதற்குத் திருமணக் கணக்கே தேவையில்லை.

இன்னொன்று, அந்த டிக்கெட். ஜெர்மனியை விட்டுப் போய் ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் அனுமதி சட்டப்படியே காலாவதியாகிவிடும். நிரந்தரமாகப் போய்விட்டதாகத் தெரிந்தால் ஆறு மாதம்கூடக் காத்திருக்க மாட்டார்கள்.

டோர்ட்மண்ட் அக்கா:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே நீண்ட காலமாக வாழ்பவள். பெண்களுக்கான ஆலோசனை நிலையம் ஒன்றில் மொழிபெயர்ப்புக்கு உதவி செய்கிறேன். நீங்கள் கடைசி வரியில் எழுதியதைப் படித்ததும் மனம் மிகவும் வருந்தியது. அதற்கும் உங்கள் கேள்விக்கும் நேரடியான தொடர்பு இருக்கிறது.

மூன்று ஆண்டு நிறையாவிட்டாலும், விசேட கடினநிலை இருந்தால் அந்த நிபந்தனையைத் தளர்த்த வேண்டும் என்று அதே 31-ஆம் பிரிவு சொல்கிறது. குடும்ப வன்முறைக்கு ஆளானவர் என்பது அங்கே வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. உங்களோடு வாழும் பிள்ளையின் நலனையும் கணக்கில் எடுக்க வேண்டும். அலுவலகம் ஆதாரம் கேட்கும் என்பதால், வைத்தியரிடம் காட்டியிருந்தால் அந்தச் சான்றிதழ், பொலிசுக்குப் போயிருந்தால் அந்த முறைப்பாட்டு இலக்கம், அந்த நாட்களில் தாய்க்கோ தோழிக்கோ அனுப்பிய செய்தி, எல்லாம் பயன்படும். ஒன்றுமே இல்லை என்றாலும், நடந்ததை நாள், நேரத்தோடு இப்போதே எழுதி வையுங்கள். அடி வாங்கியதைச் சொல்வது வெட்கம் என்று நினைத்து வாய் திறவாமல் இருந்து, உரிமையை இழந்த எங்கள் பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

116 016 என்ற உதவி இலக்கம் இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது. ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் பேசலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. காரித்தாஸ், டியாக்கோனி, செஞ்சிலுவை போன்ற அமைப்புகள் குடிவரவாளர்களுக்கு இலவச ஆலோசனை வழங்குகின்றன. சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால், உங்கள் பகுதி நீதிமன்றத்தில் ஆலோசனை உதவிச் சான்று கேளுங்கள். அது கிடைத்தால் சட்டத்தரணிக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது 15 யூரோவுக்கு மேல் போகாது.

ஒன்று கேட்க வேண்டும். பிள்ளை எப்போது, எங்கே பிறந்தது? கணவர் எந்த ஆண்டிலிருந்து ஜெர்மனியில் இருக்கிறார்?

நெக்கர்க்கரை:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. மகள் 2024 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில்தான் பிறந்தாள். கணவர் 2016-ல் முதுகலைப் படிப்புக்காக வந்தவர், அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறார். காலவரையற்ற அனுமதி 2020-ல் கிடைத்தது. குழந்தைக்கு இன்னும் கடவுச்சீட்டு எடுக்கவில்லை. பிறப்புப் பதிவுத் தாள்கள் எல்லாம் அவரிடம் இருக்கின்றன. அதை ஏன் கேட்கிறீர்கள் என்று புரியவில்லை.

டோர்ட்மண்ட் அக்கா:

அப்படியானால், நீங்கள் சொல்லும் விபரப்படி, உங்கள் மகள் பிறக்கும்போதே ஜெர்மன் பிரஜை. பெற்றோரில் ஒருவர் ஐந்து ஆண்டுகள் சட்டப்படி இங்கே வாழ்ந்து, காலவரையற்ற அனுமதியும் வைத்திருந்தால், இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை பிறப்பாலேயே வந்துவிடும். 2024 ஜூன் 27-க்கு முன்னர் எட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. பிறப்பைப் பதிந்த அலுவலகமே இதைச் சரிபார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். தாய் என்ற முறையில் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியை நீங்களே அங்கே கேட்டு வாங்கலாம். கணவரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. குடியுரிமைக் குறிப்பு பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

ஜெர்மன் பிள்ளையைப் பராமரிக்கும் தாய்க்கு 28-ஆம் பிரிவின் கீழ் தனியாக வதிவிட அனுமதி உண்டு. அதற்கு மூன்று ஆண்டுக் கணக்கும் வேண்டாம், வருமானமும் நிபந்தனை இல்லை. பிள்ளையை நீங்கள் உண்மையில் வளர்த்து வர வேண்டும், அவ்வளவுதான். அதற்காக டிசம்பர் என்று ஒப்புக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு வழிகளும் திறந்திருக்கட்டும்.

பிள்ளையின் பராமரிப்பு உரிமை இப்போது உங்கள் இருவருக்கும் பொதுவானது. தகப்பனின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் பிள்ளையை இந்தியாவுக்குக் கொண்டுபோனால், பிறகு கடத்தல் என்று முறைப்பாடு வரக்கூடும். வாயால் சொன்ன சம்மதத்தை நம்ப வேண்டாம்.

பாரிமுனை வழக்குரைஞர் (சென்னை):

இந்தியத் தரப்பைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் திருமணம் இந்து திருமணச் சட்டத்தின்படி நடந்ததாக எடுத்துக்கொள்கிறேன். மணவாழ்க்கை மீள முடியாதபடி முறிந்துவிட்டது என்பது ஜெர்மனியில் விவாகரத்துக்குப் போதுமான காரணம். நம் சட்டத்தில் அது தனிக் காரணமாக இல்லை. வெளிநாட்டு விவாகரத்துத் தீர்ப்பு இங்கே எப்போது செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 1991-ல் நரசிம்ம ராவ் வழக்கில் வரையறுத்தது: திருமணச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமாகவும் ஏற்கும் காரணமாகவும் இருக்க வேண்டும், அல்லது எதிர்த்தரப்பு அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு மனமுவந்து உட்பட்டு விவாகரத்துக்கும் சம்மதித்திருக்க வேண்டும். ஆகவே நீங்கள் ஜெர்மனியில் கொடுக்கும் சம்மதம் அங்கே மட்டும் நிற்பதில்லை, இங்கேயும் உங்களைக் கட்டுப்படுத்தக்கூடும். ஜீவனாம்சம், நகை, குழந்தையின் செலவு பற்றி ஏற்பாடு எதுவும் இல்லாமல் சம்மதம் தர வேண்டாம்.

திருமணம் நடந்த இடம் கோயம்புத்தூர் என்பதால், உங்கள் கணவர் அங்குள்ள குடும்ப நீதிமன்றத்திலும் மனுத் தாக்கல் செய்ய முடியும். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் நேரத்தில் அப்படி ஒரு வழக்கு வந்தால், அதற்காக அங்கேயே தங்க நேர்ந்து, மேலே சொன்ன ஆறு மாதக் கெடு கழிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. பெற்றோர் முகவரிக்கு நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அதைப் பெறாமல் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று அவர்களிடம் இன்றே சொல்லுங்கள்; பதில் தராமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். ஸ்டுட்கார்ட்டிலிருந்தபடியே வழக்கை எதிர்கொள்ள, உங்கள் தந்தைக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினால் போதும்.