பங்கைப் புதுப்பிக்க எதை முதலில் தொடுவது?

தண்டையார்பேட்டை பங்குவாசி:
எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகம்) 14 அன்பியங்கள், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுக்கள், பேருக்கு இருக்கின்றன. கூட்டம் நடப்பது ஐந்தில்தான், வருவதும் அதே வயதான அம்மாக்கள்தான். பழைய குடும்பங்கள் பல மாதவரம், மீஞ்சூர் பக்கம் போய்விட்டன. வாடகைக்கு வந்தவர்கள் யார் எவர் என்றே தெரியவில்லை. புதிதாக வந்த ஃபாதர் பங்கைப் புதுப்பிக்கலாம் என்கிறார். பங்குப் பேரவையில் சிலர் பூசை நேரத்தை மாற்றலாம், பாடல்களை மாற்றலாம் என்றதும் பெரியவர்கள் முகம் வாடிவிட்டது. எங்கே தொடங்கலாம், சொல்லுங்கள்.

அன்பியப் பணியாளர்:
பாட்டையும் பூசை நேரத்தையும் இப்போது தொடாதீர்கள். முதலில் பங்குப் பதிவேடு. இருவர் இருவராக வீடு சந்திக்கப் போங்கள், ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். ஒரு மாலைக்கு நான்கு வீடு போதும். பெயர்கள், எந்தப் பங்கில் ஞானஸ்நானம், பிள்ளைகள் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிவிட்டார்களா, வேலை எந்த ஷிஃப்ட், எந்த மாலை வீட்டில் இருப்பார்கள் என்று எழுதிக்கொண்டு, ஒரு சின்ன ஜெபத்தோடு கிளம்புங்கள். ரசீதுப் புத்தகம் மட்டும் வேண்டாம். அதைக் கையில் பார்த்தால் கதவு பாதிதான் திறக்கும்.

பிறகு 20 முதல் 30 வீட்டுக்கு ஓர் அன்பியம் என்று பிரியுங்கள். வரைபடத்தைப் பார்த்துப் பிரித்தால் கோளாறுதான். கொருக்குப்பேட்டை மாதிரி தண்டவாளம் குறுக்கே போகும் இடத்தில், அந்தப் பக்கத்து வீட்டை இந்தப் பக்கத்தோடு சேர்த்தால் இரவு எட்டு மணிக்கு யார் வருவார்கள்?

கூட்டம் படுத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், அது ஜெபமாலையோடும் சந்தா வசூலோடும் முடிந்துவிடுவதுதான். ஏழு படி நற்செய்திப் பகிர்வைச் சரியாக நடத்துங்கள்: ஆண்டவரை அழைப்பது, பகுதியை வாசிப்பது, மனதில் தைத்த சொல்லை ஒவ்வொருவரும் மும்முறை நிதானமாகச் சொல்வது, மௌனம், பகிர்வு, செயல் தீர்மானம், ஜெபம். ஐந்தாவது படியில்தான் ஒருவர் பிரசங்கம் வைக்க ஆரம்பிப்பார். ‘என்னைத் தொட்டது’ என்று மட்டும் பேசச் சொல்லுங்கள், விளக்கவுரை வேண்டாம். ஆறாவது படியை விட்டுவிட்டால் இளைஞர்கள் வரமாட்டார்கள். ‘ஏழைகளுக்கு உதவுவோம்’ என்பது தீர்மானம் ஆகாது. ‘மூன்றாவது வீட்டுப் பாட்டியை வியாழக்கிழமை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது’ என்பதுதான் தீர்மானம். அடுத்த கூட்டத்தில் முதல் பேச்சே அது நடந்ததா என்பதாக இருக்கட்டும்.

முன்னாள் பேரவைச் செயலர்:
பணத்தைப் பற்றி ஒன்று. திருச்சபைச் சட்டம் 537-இன்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம். மேய்ப்புப் பணிப் பேரவை 536-இன்படி ஆயர் (பிஷப்) விரும்பும் இடத்தில் அமைவது, அதற்கு இருப்பது ஆலோசனை சொல்லும் உரிமைதான். இதை முதல் கூட்டத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால், பின்னால் ‘ஓட்டுப் போட்டோமே, ஏன் நடக்கவில்லை’ என்ற மனக்கசப்பு வராது. தேருக்கென்று கொடுத்த காணிக்கையைக் கூரைக்குத் திருப்பக் கூடாது, 1267 அதைத் தடுக்கிறது. மக்கள் கொடுத்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287. வரவு செலவை ஒரே தாளில் கோயில் கதவருகே ஒட்டுங்கள். பெரியவர்களின் சந்தேகத்தில் பாதி அங்கேயே தீரும்.

தண்டையார்பேட்டை பங்குவாசி:
ரொம்ப நன்றி ஐயா. வீடு சந்திப்பை எந்த மாதம் வைக்கலாம்? பங்கில் பாதிப்பேர் கடல் தொழில்.

அன்பியப் பணியாளர்:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், உயிர்ப்புக் காலத்தில் (ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரை) சில வாரங்களாவது எப்போதும் அதற்குள் வரும். மீனவர் தெருக்களை அப்போது முடியுங்கள். வருமானம் இல்லாத நாட்கள், அதனால் திருவிழா வரிப் பேச்சை அறவே எடுக்காதீர்கள். மற்ற வீடுகளுக்கு மே மாதம் போனால் பூட்டுதான் இருக்கும், எல்லாரும் ஊருக்குப் போயிருப்பார்கள். பள்ளி திறந்த பிறகு போங்கள்.

பூசை நேரப் பேச்சு அதற்குப் பிறகு தானாக வரும். காசிமேட்டில் ஞாயிறு விடியற்காலைதான் வியாபாரம் உச்சம். மீன் விற்கும் பெண்கள் காலைப் பூசைக்கு எப்படி வருவார்கள்? சனி மாலைப் பூசையும் ஞாயிறு பூசை காணும் கடமையை நிறைவேற்றும், திருச்சபைச் சட்டம் 1248-ஐப் பாருங்கள். காலைப் பூசையை அப்படியே விட்டுவிட்டு, சனி மாலையில் ஒன்று கூடுதலாக வைக்க முடியுமா என்று ஃபாதரிடம் கேளுங்கள். பெரியவர்களிடமிருந்து எதையும் பறித்ததாகவும் ஆகாது.