நிற்க முடியாத கோழிக்குஞ்சுகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொல்லைமேடு

போன வருஷம் மாசி மாதம் ஓர் ஈடு முட்டை பொரிக்க வைத்தேன். சிறுவிடை என்கிற சின்ன ரக நாட்டுக்கோழி முட்டை, வீட்டிலேயே செய்த இன்குபேட்டருக்குத் தெர்மாகோல் பெட்டி, பல்பு, சின்ன மின்விசிறி, அதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். மற்ற குஞ்சுகள் உலர்ந்து எழுந்து ஓடத் தொடங்கியும் ஒன்று மட்டும் வயிற்றைத் தரையில் பதித்துக் கிடந்தது. கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து கிடந்தன. மற்றதெல்லாம் அதன் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டு போயின. மாமா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது தேறாது, குடு, நான் பாத்துக்கிறேன்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். தரவில்லை.

பேண்ட் எய்டை நீளவாக்கில் பாதியாக வெட்டி, பஞ்சுப் பகுதி இரண்டு காலுக்கும் நடுவில் வருகிற மாதிரி முட்டிக்குக் கீழே ஒட்டினேன். நல்ல குஞ்சு நிற்கும்போது காலுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்குமோ அவ்வளவுதான் விட்டேன். இறக்கி விட்டதும் அலகு தரையில் இடிக்க விழுந்தது. அப்புறம் அசையவே இல்லை. மாமா "பாத்தியா" என்கிற மாதிரி என்னைப் பார்க்கிறார். அந்த நேரம் பார்த்து, இரண்டு காலையும் சேர்த்து ஒரே தத்து! நேராகத் தீவனத் தட்டுக்குள் போய் விழுந்தது.

காலில் போட்ட கட்டைப் பிரித்த பிறகு நன்றாக நடந்தது, இப்போது முட்டையும் வைக்கிறது. மாமா மட்டும் அது குறுக்கே வந்தால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்.

பெருவிடைக்காரன்

கட்டுப் போட்டது சரி. பெட்டிக்குள் என்ன விரித்திருந்தீர்கள் என்று சொல்லவில்லையே? செய்தித்தாளாகத்தான் இருக்கும். வழுவழுத் தாளில் காலூன்ற முடியாமல் வழுக்கி வழுக்கித்தான் கால் விரிகிறது. எங்கள் வீட்டில் தலைமுறையாக அடைக்கோழிதான், காலில் கோளாறான குஞ்சே வந்ததில்லை. இன்குபேட்டர் வந்த பிறகுதான் இந்தப் பஞ்சாயத்தெல்லாம்.

ஒரே ஒரு நொண்டிக் குஞ்சு வந்தது, அதுவும் ஓட்டை உடைக்கும்போதே மாட்டிக்கொண்டது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். தாய்க்கோழி மற்ற குஞ்சுகளை இறக்கைக்குள் சேர்த்துக்கொண்டு, இது கத்திக்கொண்டு கிட்டே வரும்போதெல்லாம் உச்சந்தலையில் ஒரு கொத்து. இது மறுபடியும் அதனிடமே போகும், மறுபடியும் கொத்து. பார்க்க முடியவில்லை. அன்று ராத்திரியே இருட்டில் வேறு ஓர் அடைக்கோழியின் வயிற்றுக்கு அடியில் தள்ளிவிட்டேன், அது சேர்த்துக்கொண்டது. அந்த முதல் கோழியை அதற்கப்புறம் நான் அடைக்கு வைக்கவே இல்லை.

தென்னந்தோப்பு

பெருவிடைக்காரன் அண்ணே, வந்ததே இல்லை என்கிறீர்கள், அடுத்த பத்தியிலேயே நொண்டி வருகிறது!

அடையிலும் கால் விரியும். எங்கள் அம்மா வைக்கோல் போட்டு பிளாஸ்டிக் அன்னக்கூடையில் அடை வைத்தார். கோழி வைக்கோலை எல்லாம் சீய்த்து ஓரத்தில் தள்ளிவிட்டு வெறும் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்திருக்கிறது. பொரித்ததில் இரண்டுக்குக் கால் விரிந்திருந்தது. ஆக, கோழியா பெட்டியா என்பது இல்லை, அடித்தளம்தான் விஷயம்.

அம்மா இரண்டையும் பழைய துணி திணித்த எவர்சில்வர் டம்ளர்களில் உட்கார வைத்தார், கால் வயிற்றுக்கு அடியிலேயே மடங்கி இருக்கும் என்று. அடுப்படித் திண்டில் இரண்டு டம்ளர், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தலை. காலையில் அப்பா தூக்கக் கலக்கத்தில் காபி என்று ஒன்றை எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டார். குஞ்சு அவர் மீசையைக் கொத்தியது. பிறகு ஏதோ ஒரு நூலால் கட்டி, சாக்கு விரித்து விட்டு, இரண்டும் தேறிவிட்டன என்பதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கொத்துதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு.

வெள்ளாமை

என்னுடையது சிரிக்கிற கதை இல்லை. எல்லாக் காலும் விரிந்த கால் கிடையாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாறு நாள் குஞ்சு. ஒரு கால் மட்டும் முட்டியில் வீங்கி வெளிப்பக்கம் திருகிக்கொண்டது. கட்டுப் போட்டால் கத்தியது. மற்ற காலைத் தடவிப் பார்த்தால் முட்டிக்குப் பின்னால் தசைநார் ஒரு கம்பி போலத் தட்டுப்பட்டது, இந்தக் காலில் அந்த இடம் வெறுமையாக, தட்டையாக இருந்தது. தசைநார் அதன் பள்ளத்தை விட்டுப் பக்கவாட்டில் நழுவிவிட்டது. காலைப் பின்னோக்கி மெதுவாக நீட்டிப் பிடித்து, கட்டைவிரலால் தள்ளினேன். விரலுக்கு அடியில் "டக்" என்று உள்ளே போய் உட்கார்ந்தது. குஞ்சு சட்டென்று கத்துவதை நிறுத்திவிட்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. காலை மடக்கினதும் மறுபடி "டக்". வெளியே வந்துவிட்டது.

தள்ளுவேன், டேப் சுற்றுவேன், எடுத்தால் நழுவும். கடைசிவரை நிற்கவில்லை. அந்த "டக்" இன்னமும் என் கட்டைவிரலில் இருக்கிறது.

முட்டைக்கணக்கு

எனக்கும் போன ஈட்டில் ஒன்று வந்தது, சரியாகிவிட்டது.

ஆனால் யாருமே மூலகாரணத்துக்குப் போகவில்லை. விசிறி உள்ள பெட்டியில் சூடு 37.5 டிகிரி செல்சியஸ். பொரிக்க ஆகும் 21 நாளில் முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், அப்புறம் முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட்டு 65க்கு மேல் ஏற்ற வேண்டும். சூடு அங்கே இங்கே போனாலும், ஈரம் கெட்டு ஓட்டுக்குள்ளேயே நேரம் இழுத்தாலும் குஞ்சு களைத்து, முட்டி சிவந்து, கால் பலமில்லாமல் வெளியே வரும். பொரிக்கும் தட்டில் ரப்பர் வலை போடுங்கள், இல்லையென்றால் சாக்குத் துணி. முதல் வாரம் புரூடரில், அதாவது குஞ்சுகளைச் சூட்டில் வைக்கும் கூண்டில், 35 டிகிரி, வாராவாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வாருங்கள். கால் விரிந்ததற்கு முதல் நாளே கட்டுப் போட்டுவிடுங்கள், குஞ்சின் எலும்பு சீக்கிரம் இறுகும், ஒரு வாரம் விட்டால் கட்டி ஒன்றும் ஆகாது. கட்டைத் தினம் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று நாலு நாளில் வேலை முடிந்துவிடும். கட்டோடு இருக்கிற குஞ்சைத் தண்ணீர்த் தட்டுப் பக்கம் தனியாக விடாதீர்கள், தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். பிறந்தவுடன் தின்னவில்லையே என்று பதற வேண்டாம், வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும்.

வெள்ளாமை சொன்ன நழுவல் வேறு ரகம். மாங்கனீசு, கோலின் என்ற சத்துகள் குறைந்த தீவனத்தில் அது வரும். ஒரே ஈட்டில் இரண்டு மூன்றுக்கு வந்தால் காலைப் பார்க்காதீர்கள், தீவனத்தைப் பாருங்கள். கைத்தீவனம் அரைக்கிறவர்கள் தாது உப்புக் கலவையில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். தாய்க்கோழிக்கு வெறும் அரிசியும் கம்பும் போட்டால் முட்டையிலேயே பி2 வைட்டமின் குறையும், அதற்கு…

மஞ்சள்மூக்கு

முட்டைக்கணக்கு சார், கதை ஒரு வரி, பாடம் ஒரு பக்கம்! பி2 பாக்கியை நான் சொல்கிறேன், என் கதையே அதுதான்.

விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, கைமுட்டி மடக்கினது போல அதன்மேல் நின்றது. கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பாதம் அளவுக்கு வெட்டி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து வைத்து மேலே டேப் ஒட்டினோம். பையன்தான் அளவெடுத்தான். செருப்புப் போட்ட குஞ்சு ஒவ்வோர் அடிக்கும் காலை உயரத் தூக்கித் "தப், தப்" என்று வைக்கும். பத்திரிகையில் மணமகன் பெயர் இடது காலுக்குப் போய்விட்டது. சொந்தக்காரர்தான், அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

கூடவே பி காம்ப்ளெக்ஸ் சொட்டு. இங்கே ஒன்று கவனியுங்கள், கோழிக்கு விற்கும் வைட்டமின் சொட்டு சிலவற்றில் ஏ, டி3, ஈ, பி12 மட்டும்தான் இருக்கிறது. சுருண்ட விரலுக்குத் தேவை பி2, அதாவது ரிபோஃபிளேவின். பாட்டிலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அவித்த முட்டையை உதிர்த்துக் கொடுத்தாலும் கொஞ்சம் கிடைக்கும்.

தென்னந்தோப்பு

பேண்ட் எய்ட், டேப், நூல் எல்லாம் சரி. ரப்பர் பேண்ட் மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டு அண்ணன் போட்டார், மறுநாள் பாதம் கறுத்துவிட்டது.

கரிசல்மண்

அவசரமாகக் கேட்கிறேன். ஒன்பது வாரக் குஞ்சு, நேற்றுவரை ஓடியது. இன்று ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீட்டிப் படுத்திருக்கிறது. மேலே சொன்ன மாதிரி பேண்ட் எய்ட் கட்டலாமா?

நாலாம் வாய்க்கால்

கட்டாதீர்கள். இந்த இழையில் உள்ளது எதுவும் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஒன்பது வாரம், ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே என்றால் நரம்பைத் தாக்கும் மேரெக்ஸ் நோயா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எனக்கு இப்படித்தான் ஒவ்வொன்றாக விழுந்தன. ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், சத்துக் குறைவு என்று மருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். செத்ததை ஐஸ் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். அறுத்துப் பார்த்த டாக்டர் என்னைக் கிட்டே கூப்பிட்டு, தொடைக்குள் ஓடும் நரம்பு இரண்டையும் காட்டினார். ஒரு பக்கம் நூல் மாதிரி வெள்ளையாக, கோடு கோடாக. மறுபக்கம் அதைவிட இரண்டு மடங்கு தடித்து, மங்கிப்போய், கோடே இல்லாமல். "இதுக்கு மருந்து இல்லைங்க" என்றார்.

இது வைரஸ், இறகுத் தூசியில் பரவும். பிறந்த அன்றே கழுத்துத் தோலுக்கு அடியில் போடும் தடுப்பூசிதான் வழி, வந்த பிறகு போட்டுப் பயனில்லை. இப்போது அதைத் தனியே பிரித்து வையுங்கள். உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைப் பாருங்கள், வேறு காரணமாகவும் இருக்கலாம். குஞ்சு எங்கே வாங்கினீர்கள்? ஊசி போட்டுத்தான் கொடுத்தார்களா?

கரிசல்மண்

சந்தையில் வாங்கினேன். கூடைக்காரரிடம் ஊசி பற்றிக் கேட்டதற்கு, "நாட்டுக்கோழிக்கு எதுக்கு தம்பி ஊசி" என்று சிரித்தார். நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரி போகிறேன்.