கேரம் பவுடர் விரலும் என் டச் டேபிளும்

வீட்லயே மல்டிடச் டேபிள், அதாவது ஒரே நேரத்துல பல விரல் தொட்டாலும் கண்டுபிடிக்கிற டேபிள், கட்டினவங்க என்ன பட்டீங்கன்னு எழுதுங்கன்னு கேட்டதால என்னோடதை சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. நான் புளியந்தோப்பு.

2006ல ஜெஃப் ஹான்னு ஒரு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் டெட் (TED) பேச்சு மேடையில ரெண்டு கையாலயும் போட்டோவை இழுத்து பெருசாக்கி காட்டின வீடியோவை நான் ரொம்ப லேட்டா தான் பார்த்தேன், ஐபோன் வர்றதுக்கு முந்தின வருஷம் அதுன்னு தெரிஞ்சதும் அன்னைக்கு நைட்டு தூக்கமே வரல. அவர் பண்ணினது ஸ்கூல்ல படிச்ச முழு அக எதிரொளிப்பு தான். அக்ரிலிக் ஷீட்டோட ஓரத்துல இருந்து இன்ஃப்ராரெட் வெளிச்சத்தை உள்ள வுட்டா அது 42 டிகிரிக்கு மேல சாஞ்சு மோதுற வரைக்கும் வெளிய வராம உள்ளயே ஓடிக்கினு இருக்கும், மேல விரல் வெச்சா அந்த இடத்துல மட்டும் கசிஞ்சு கீழ இறங்கும், கீழ இருக்குற கேமரா அதை வெள்ளைப் புள்ளியா பார்க்கும். எத்தனை விரலோ அத்தனை புள்ளி.

ஷீட்டு ரெண்டடிக்கு ஒன்றரை அடி, 10 எம்எம் கனம், பிராட்வேல ஒரு நேம் போர்டு கடையில வெட்டி வாங்கினேன். ரம்பம் போட்ட ஓரம் பனி பூத்த மாதிரி வெள்ளையா இருக்கும், அப்படியே வெச்சா பாதி வெளிச்சம் ஓரத்துலயே சிதறிடும். எங்கப்பா தச்சு வேலை பண்ணவரு, அவர் தான் தண்ணி தொட்டு தொட்டு 220, 400, 800, 1200, 2000னு வாட்டர் பேப்பர் போட்டு கடைசியில பித்தளை பளபளக்க போடுற பிராசோ பாலிஷ் வெச்சு துணியால தேய்ச்சாரு, மூணு நாள் சாயங்காலம் ஆச்சு. முடிச்சப்புறம் ஒரு ஓரத்துல கண்ணை வெச்சா அடுத்த ஓரத்துல அவர் கட்டை விரல் ரேகை தெரிஞ்சுது. இந்த டேபிள்ல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இன்னைக்கும் அந்த ஓரம் தான்.

அந்த இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்கு எல்இடி ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினேன், 850 நேனோமீட்டர், 48 எடுத்து ஆறு ஆறா சீரியல்ல போட்டு எட்டு வரிசை, 12 வோல்ட் அடாப்டர். வரிசைக்கு ஒரு 47 ஓம் ரெசிஸ்டர், ஆனா கால் வாட் போட்டுட்டேன், பத்து நிமிஷத்துல தீஞ்ச வாடை. கணக்கு போட்டா 0.28 வாட் வருது, அரை வாட் மாத்தினதும் சரியாச்சு. வெப்கேம்ல லென்ஸ் பின்னாடி ஒட்டியிருக்குற, இன்ஃப்ராரெட்டை தடுக்குற ஐஆர் ஃபில்டர் கண்ணாடியை பிளேடால எடுத்துடணும், எடுத்தா ஃபோகஸ் மாறிடும், லென்ஸை திருகி திரும்ப செட் பண்ணணும். அதுக்கு பதிலா சாதா வெளிச்சத்தை தடுக்க பழைய ஃப்ளாப்பியை பிரிச்சு உள்ள இருக்குற கறுப்பு வட்டத்தை வெட்டி ஒட்டினேன். கேமரா படத்துல புள்ளியை கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் கம்யூனிட்டி கோர் விஷன், விரல் எங்க இருக்குன்னு அதுல இருந்து மத்த புரோகிராமுக்கு டியூஐஓ (TUIO)ங்கிற முறையில 3333 போர்ட்ல போகும், அது பெரிய கஷ்டம் இல்ல.

மொத நாள் எல்லாம் சூப்பர். மே மாசம், கை வேர்த்து கெடக்கு, தொட்ட உடனே புள்ளி பளிச்னு வருது. சாயங்காலம் தெருமுனை கேரம் கிளப் பசங்களை கூப்பிட்டு காட்டலாம்னு வரச் சொன்னேன். அவங்க நேரா போர்டுல இருந்து எழுந்து வராங்க, விரல் முழுக்க போரிக் பவுடர். ஒருத்தர் தொடறாரு, ஒண்ணும் வரல. இன்னொருத்தர் அழுத்தறாரு, வரல. "இன்னா தலைவா, உன் கை பட்டா எடுக்குது, எங்க கை பட்டா எடுக்க மாட்டேங்குது"ன்னு கேட்டாங்க, எனக்கு மனசு விட்டுப் போச்சு. அவங்களை அனுப்பிட்டு ராத்திரி என் விரல்லயும் பவுடர் தடவிப் பார்த்தேன், அதே கதை. தோலுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவுல காத்து புகுந்துட்டா வெளிச்சம் கசியாது, ஈரமோ எண்ணெயோ இருந்தா தான் ஒட்டும். அது வரைக்கும் என் வேர்வை தான் அந்த டேபிளை ஓட்டிக்கினு இருந்திருக்கு.

அதுக்கு வழி சிலிக்கான். கண்ணாடி ஒட்டுற சிலிக்கானை சைலீன்ங்கிற கரைப்பான்ல கரைச்சு டிரேசிங் பேப்பர் மேல பெயிண்ட் ரோலரால மெலிசா ஓட்டணும், காஞ்சதும் அந்த பேப்பரை ஷீட்டு மேல விரிக்கணும், சிலிக்கான் பக்கம் அக்ரிலிக்கை பார்த்து இருக்கணும். மொட்டை மாடியில பண்ணுங்க, வீட்டுக்குள்ள வேணவே வேணாம், அந்த நெடி தலையை பிளக்கும், பக்கத்துல நெருப்பும் கூடாது. மொத ரெண்டு தபா வழவழன்னு வந்துடுச்சு, விரலை எடுத்தும் பேப்பர் ஒட்டிக்கிட்டே இருக்கு, புள்ளி போகவே மாட்டேங்குது. மூணாவது தபா காஞ்சும் காயாம இருக்கும்போது ரோலரை இன்னொரு ஓட்டு ஓட்டினேன், ஆரஞ்சு தோல் மாதிரி பொடிப்பொடியா மேடு வந்துச்சு. அந்த மேடு தான் அழுத்தினா ஒட்டும், விட்டா பிரியும். பவுடர் விரலும் எடுத்துச்சு, கிளப் பசங்க ஒன்பது மணி வரைக்கும் போகல.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஆறு மணிக்கு மேல எங்க ஆயா சாமி மாடத்துல விளக்கு ஏத்தினா டேபிள்ல ஒரு மூலையில யாரும் தொடாமலே புள்ளி ஆடும், தீயில இன்ஃப்ராரெட் நிறைய இருக்குல்ல. குண்டு பல்பும் அப்படி தான், வெயிலும் அப்படி தான். விளக்கை நகர்த்தச் சொல்ல முடியுமா, டேபிளை தான் அடுத்த ரூமுக்கு மாத்தினேன்.

*

அண்ணா, நான் திருவொற்றியூர். உங்க அளவுக்கு போகல, நிழல் முறையில பண்ணேன். அட்டைப்பெட்டி, மேல போட்டோ ஃபிரேம் கண்ணாடி, அதுக்கு மேல வெள்ளை பேப்பர், உள்ள சாதா வெப்கேம், அவ்ளோ தான். விரல் தொட்ட இடத்துல நிழல் கருப்பா தெளிவா விழும், தூக்கினா மங்கிடும், அதை வெச்சு கண்டுபிடிக்குது. ஃபில்டர் எடுக்க வேணாம், எல்இடி வேணாம். எங்க அக்கா பொண்ணு அதுல புள்ளிக் கோலம் போடுவா, ரெண்டு விரலால ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் கோடு இழுப்பா, தரையில மாவுல அப்படி போட முடியாதுன்னு அவளுக்கு அவ்ளோ சந்தோஷம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்து பெட்டி கூழாயிடுச்சு, கேமராவை மட்டும் பரண்ல வெச்சிருந்ததால தப்பிச்சுது. இப்ப பிளைவுட்ல, உங்க மாதிரி அக்ரிலிக் போட்டு செய்யலாம்னு இருக்கேன். 8 எம்எம் போதுமாண்ணா?

*

போதும்பா, 5 எம்எம் எல்இடி நிக்க எடம் இருக்கும். பிளைவுட் பெட்டிக்கு கால் ஒரு அடி உசரமா வெச்சுடு, தண்ணி வந்தாலும் உள்ள ஏறாது. ஓரம் தேய்க்க ஆள் இல்லன்னா ஷீட்டை புளியந்தோப்புக்கு எடுத்துக்கினு வா, அப்பா சும்மா தான் இருக்காரு, அவரும் சந்தோஷப்படுவாரு. பாப்பாவையும் கூட்டிக்கினு வா, சிலிக்கான் மேல பத்து விரலும் வெச்சு கோலம் போட்டா எத்தனை எடுக்குதுன்னு பார்க்கணும்.