ரகசியத் திருமணம், திடீர் மரணம், விவாகரத்து: சினிமா தலைப்பு வந்ததும் எதைச் சோதிப்பீங்க? (அனுபவப் பகிர்வு)

மார்த்தாண்டம்_மணி:
"ரகசியத் திருமணம்! கையும் களவுமாகச் சிக்கிய சீரியல் நடிகை"ன்னு மாலையும் கழுத்துமா ஒரு படம். நம்ம பக்கத்துக் குடும்பக் குழு ஒண்ணு விடாம வந்தது, எல்லாரும் பாத்திருப்பீங்க. வீடியோ எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. யூடியூப்ல எட்டு நிமிஷம் தாண்டினாத்தான் நடுவுல விளம்பரம் வைக்க முடியும், அதான் கணக்கு. பிறந்த ஊரு, முதல் படம்னு இழுத்து, கடைசியில "என்று கூறப்படுகிறது"ன்னு முடிச்சிருவான். யாரு கூறினது? அது வரவே வராது.

படத்தை உத்துப் பாருங்க. முந்தானை வலது தோள்ல கிடக்கு. நம்ம கட்டுல இடது தோள்தானே. அப்போ படத்தை இடம்வலம் மாத்தித் திருப்பிப் போட்டிருக்கான். திருப்பின படத்துல கூகுள் லென்ஸ் (படத்தை வச்சே தேடுற வசதி) சில நேரம் கோட்டை விட்டுரும். போன் கேலரியில எடிட் போய் மறுபடி நேரா திருப்பி, அதை லென்ஸ்ல போட்டா, ஒரு மலையாளப் பக்கத்துல பழைய சீரியல் கல்யாண சீன். அதே மாலை, அதே நெத்திச்சுட்டி, பின்னால நிக்கிற ஆள் கையில அதே தாம்பாளம். அந்தப் பொண்ணு நடிச்ச காட்சிய வச்சே அவங்க வாழ்க்கையைக் கேவலப்படுத்தியிருக்காங்க. மனசு ஆறல.

ஒழுகினசேரி_வாசகன்:
யூடியூப் வந்து கெடுத்ததுன்னு யாரும் நினைக்க வேண்டாம். 'சினிமா தூது' நடத்தின லட்சுமிகாந்தன் செய்ததும் இதே வேலைதான். சினிமாக்காரங்க கவர்னர்கிட்ட மனு கொடுத்து அந்தப் பத்திரிகையோட அனுமதி ரத்தானதும் 'இந்து நேசன்' வழியா தொடர்ந்தார். 1944 நவம்பர் 8 அன்னைக்கு சென்னை வேப்பேரியில அவருக்குக் கத்திக்குத்து, மறுநாள் மரணம். அந்தக் கேஸ்ல நடிகர் தியாகராஜ பாகவதரும் நம்ம ஊர் கலைவாணர் என்.எஸ்.கே.யும் தண்டனை வாங்கி, 1947ல விடுதலையாகி வர்றதுக்குள்ள ரெண்டு வருஷத்துக்கு மேல சிறையில போயிட்டு. வதந்தி வியாபாரம் எதுல போய் முடிஞ்சது பாருங்க.

ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. அச்சுல வந்தா அடிச்சவர், வெளியிட்டவர் பேரு போட்டே ஆகணும்னு அப்போ 1867 சட்டம் இருந்தது. இப்போ சேனலோட 'அறிமுகம்' பகுதியைத் திறங்க. ஆள் பேரு இல்ல, முகவரி இல்ல, ஒரு ஜிமெயில் மட்டும் கிடக்கும். நான் தலைப்பை வாசிக்கிறதுக்கு முன்ன அதைத்தான் பாக்கச் சொல்வேன்.

தக்கலை_அண்ணாச்சி:
இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு? நடிகரோட நீல டிக் உள்ள பக்கத்துல வந்திருக்கான்னு பாத்தா போதும். வந்தா உண்மை, வரலன்னா பொய்.

குளச்சல்_கடற்கரை:
போதாது அண்ணாச்சி. 2024 பிப்ரவரி 2ஆம் தேதி இந்தி நடிகை பூனம் பாண்டே கருப்பைவாய்ப் புற்றுநோயில இறந்துட்டாங்கன்னு சொன்னது அவங்க சொந்த இன்ஸ்டாகிராம் பக்கம். மறுநாள் அவங்களே வீடியோவுல உயிரோட வந்தாங்க, விழிப்புணர்வுக்காகச் செய்தோம்னு. பெரிய டிவியும் தப்பும். 2025 நவம்பர் 11 அன்னைக்கு இந்தி நடிகர் தர்மேந்திரா இறந்துட்டார்னு செய்தி ஓடினப்போ மனைவி ஹேமமாலினியும் மகள் ஈஷாவும் மறுத்தாங்க. அவர் காலமானது 24ஆம் தேதி.

மரணச் செய்தின்னா ரெண்டு இடம் ஒத்துப் போகணும்: குடும்பத்துல ஒருத்தர் பேரோட பேசணும், ஆஸ்பத்திரி அறிக்கை வரணும். எஸ்.பி.பி. 2020ல சிகிச்சையில இருந்தப்போ மகன் சரண் வீடியோவுல பேசினார், மருத்துவமனையும் அறிக்கை விட்டது. அந்த ரெண்டையும் பாத்தவங்க இடையில வந்த எந்த வதந்தியையும் நம்பல.

களியக்காவிளை_எல்லை:
மணி அண்ணே, நீங்க சொன்ன லென்ஸ் அப்படியே போட்டா பாதிப் பேருக்கு வேலை செய்யாது. யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். இந்த மாதிரி வீடியோவோட தலைப்புப் படம் பெரும்பாலும் ஒட்டுப்போட்ட படம்: இடப்பக்கம் அழுற முகம், வலப்பக்கம் ஆம்புலன்ஸ், நடுவுல சிவப்பு அம்பு. மொத்தமா தேடினா அதே வீடியோதான் திரும்ப வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எழுத்தும் அம்பும் விழாம ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா வெட்டித் தேடணும். அழுற முகம் ஏதோ பட விழாவுல கண் கலங்கினதா இருக்கும், ஆம்புலன்ஸ் வேற மாநிலத்துது. மலையாள நடிகைன்னா பேரை மலையாள எழுத்துல போட்டுத் தேடுங்க, கேரளாவுல நடந்த சங்கதி அங்க முதல்ல வந்திருக்கும். கூகுள்ல 'கருவிகள்' போய் தேதியைக் கட்டினா பழசு புதுசு பிரிஞ்சிரும்.

வீடியோன்னா வேகத்தை 0.25 ஆக்கி முதல் ரெண்டு நொடியைப் பாருங்க. 2023 நவம்பர்ல ராஷ்மிகா மந்தனா லிஃப்டுக்குள்ள வர்ற மாதிரி ஓடின போலி வீடியோவுல, வாசல்ல நுழையுற அந்த நொடி வேற பொண்ணு முகம், உள்ள வந்ததும் ராஷ்மிகா முகம். எல்லாப் போலியும் இப்படி மாட்டாது. ஆனா முகம் திரும்புற இடம், கை முகத்துக்கு முன்ன வர்ற இடம், இதுலதான் அதிகம் பிசகும்.

வாட்ஸ்அப்ல இரட்டை அம்புக்குறியோட வந்தா அஞ்சு கை தாண்டி வந்த செய்தி, அனுப்பினவருக்கும் மூலம் தெரியாது. "முழு வீடியோ இங்கே"ன்னு உள்ள இணைப்பைத் தொடவே தொடாதீங்க. செயலி இறக்கச் சொல்லும், ஓடிபி கேக்கும். பணம் போயிட்டா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிங்க.

தக்கலை_அண்ணாச்சி:
பூனம் பாண்டே விஷயம் நியாயம்தான். ஆனா வீட்டுப் பெண்கள் போன்ல இந்த மாதிரி சேனலே வரிசையா வருதே, அதை எப்படி நிறுத்த?

மார்த்தாண்டம்_மணி:
வீடியோவுக்குக் கீழ உள்ள மூணு புள்ளியைத் தொட்டு, சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம்னு கொடுங்க. 'ஆர்வமில்லை' அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும்தான். பிறகு பார்த்த வரலாறுல போய் ஏற்கெனவே பாத்த கிசுகிசு வீடியோ எல்லாத்தையும் நீக்கணும். அதை நீக்காம விட்டா வேற பேருல அதே சரக்கு வரும். தலைப்புல உள்ளது வீடியோவுல இல்லன்னா புகாரும் கொடுங்க. இந்தியாவுல இப்படி ஏமாத்துற தலைப்பு, படம் உள்ளதை நீக்கப் போறதா யூடியூபே 2024 டிசம்பர்ல அறிவிச்சிருக்கு.