லேப்ராஸ்கோபி ஹூக் உறையில் விரிசல்: ஸ்லீவ் போட்டு ஓட்டலாமா?

பென்னாகரத்துப் பையன்:
தருமபுரியில ஒரு சின்ன ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல டெக்னீஷியன் நான். நேத்து பித்தப்பை கேஸ் முடிஞ்சு ஹூக்கை (சின்னத் துளை வழியா உள்ளே விட்டு, கரன்ட்ல திசுவைச் சுட்டு வெட்டுற கொக்கி) கழுவும்போது, கைப்பிடிக்கு ஒரு சாண் தள்ளி, கரன்ட் கசியாம தடுக்கிற கறுப்பு உறையில நகம் தடுக்குச்சு. லைட்டுல பார்த்தா மயிரிழை விரிசல். சீனியர் அண்ணன், "ஒயருக்குப் போடுற ஸ்லீவ் போட்டு ஓட்டுடா, புதுசு வர மாசமாகும்"ங்கிறார். எங்க தாத்தா கிணத்து மோட்டார் ஒயரை டேப் சுத்தியே காலத்தை ஓட்டினவர், எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. ஆனா ரெண்டு வாரமா டாக்டர், "கரன்ட் பிடிக்கல, பவரை ஏத்து"ன்னு சொல்லிட்டே இருந்தார். இதனாலயா இருக்குமா?

ஓசூர் பயோமெடிக்கல்:
இருக்கலாம் தம்பி. நோயாளி உடம்புல ஒட்டுற பேட் சரியா ஒட்டியிருக்கா, கேபிள் நல்லாருக்கான்னு பார்க்காம பவரை ஏத்தவே கூடாது. மோட்டார் ஒயர்ல ஓடுறது 50 ஹெர்ட்ஸ். காட்டரி (திசுவைச் சுடுற மெஷின்) கரன்ட் வினாடிக்கு 3 லட்சம் தடவைக்கு மேல அதிருது. ரத்தத்தை உறைய வைக்கிற கோக் மோடுல உச்ச வோல்டேஜ் சில ஆயிரத்தைத் தொடும். டேப்போ கடை ஸ்லீவோ அதுக்கும் தாங்காது, நீராவியில கிருமி நீக்குற 134 டிகிரி ஆட்டோகிளேவுக்கும் தாங்காது.

கேமராவுல நுனி மட்டும்தான் தெரியும். விரிசல் ட்ரோகாரை (கருவி உள்ளே போற குழாய்) தாண்டி உள்ளே இறங்கினா, மானிட்டருக்கு வெளியே குடல் சுடும், யாருக்கும் தெரியாது. சின்ன ஓட்டைதான் இன்னும் மோசம், கரன்ட் முழுக்க ஒரே புள்ளியில குவியும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளுக்கு, உறையில கரன்ட் கசியுதான்னு காட்டுற இன்சுலேஷன் டெஸ்டர் வேணும். ட்ரேயில இருக்கிற எல்லாத்தையும் அதுல ஓட்டிப் பாரு.

கிருஷ்ணகிரி சிஸ்டர் (ரிட்டயர்டு):
கண்ணு, நான் வேலை பார்த்த ஒரு இடத்துல வீட்டுக்குப் போன அம்மா மூணாம் நாள் காய்ச்சல், வயித்து வலின்னு திரும்பி வந்தாங்க. திறந்து பார்த்தா குடல்ல பொத்தல். எந்தக் கருவின்னு கடைசிவரை யாராலயும் சொல்ல முடியல, அதுக்குள்ள எல்லாம் ஒண்ணா ஸ்டெரிலைஸ் ஆகி ரெண்டு கேஸுக்குப் போயிடுச்சு. அதனால முதல்ல அந்த ஹூக்கைத் தனியா எடுத்து சிவப்பு டேக் கட்டு. அண்ணன் கண்ணுல படாம வையி! டாக்டர்கிட்டயும் சொல்லு, நுனி திசுவைத் தொட்டப்புறம்தான் கரன்ட் விடுற பெடலை மிதிக்கணும். காத்துல மிதிச்சா வோல்டேஜ் எகிறி, பலவீனமான இடத்தைத் தேடிப் பிடிக்கும்.

பென்னாகரத்துப் பையன்:
டேக் கட்டிட்டேன்க்கா. டாக்டர் ஹூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது எத்தனை கேஸ் பார்த்திருக்கும்?"னு கேட்டார். எங்ககிட்ட கணக்கே இல்ல. இன்னிக்கு ஒரு நோட்டு போட்டிருக்கோம். ஸ்லீவை அண்ணனே வீட்டு மோட்டாருக்கு எடுத்துட்டுப் போயிட்டார்.