பையன் தலைய மூடிக்கிட்டு உக்காந்துட்டான், நானும் எங்கப்பா மாதிரியே ஆயிட்டேனா?

பனியன்_டெய்லர் (கேள்வி):
வணக்கம்ங்க. சொந்தக்காரங்க யார்கிட்டயும் சொல்ல முடியல, அதான் இங்க எழுதறேன். திருப்பூர்ல பனியன் கம்பெனில டெய்லர், வயசு 34, பையன் ரெண்டாங்கிளாஸ். போன சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வீட்டுக்கு வந்தா ஹோம்வொர்க் நோட்டு மேல பால கொட்டி வெச்சிருக்கான், ஓங்கி ஒண்ணு விட்டேன், மறுபடி கை ஓங்குனப்ப அவன் ரெண்டு கையாலயும் தலைய மூடிக்கிட்டு செவுத்தோட ஒட்டி உக்காந்துட்டான். அந்த உக்கார்ற விதம் எனக்கு நல்லாத் தெரியும்ங்க. எங்கப்பா பெல்ட்ட உருவுறப்ப நான் அப்படித்தான் உக்காருவேன்.

எங்கப்பா அடிச்ச அன்னைக்கு ராத்திரி பரோட்டா பார்சல் வாங்கிட்டு வருவாரு. ஒரு வார்த்தை பேசமாட்டாரு, பொட்டலத்த பிரிச்சு முன்னாடி வெப்பாரு, நாங்க மூக்க உறிஞ்சிக்கிட்டே தின்போம். சனிக்கிழமை நானும் பேக்கரிக்குப் போயி பையனுக்கு கேக் வாங்குனேன், காசு குடுக்கறப்பதான் உறைச்சுது, இது அதே பரோட்டா. குடிக்க மாட்டேன்ங்க, சத்தியமா. ஆனா கோவம் வந்தா நான் நானா இல்ல. இத எப்படி நிறுத்தறது?

கொங்கு_பெரியவர்:
தம்பி, நாங்கல்லாம் அடி வாங்கித்தான் ஆளானோம். அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க? ரொம்ப யோசிக்காதீங்க, ஒரு அறைக்கு பையன் ஒண்ணும் ஆயிட மாட்டான்.

ரெண்டு_பொண்ணு_அப்பா:
பெரியவர் சொல்றத ஏத்துக்க முடியல. மாட்டுக்குச் சொன்னத புள்ளைக்குச் சொல்றோம். ஸ்வீடன்ல 1979லயே பெத்தவங்க புள்ளைய அடிக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க, பக்கத்துல நேபாளத்துலயே 2018ல வந்துருச்சு. நம்மூர்லயும் பள்ளிக்கூடத்துல அடிக்கக்கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கு. வாத்தியாருக்கே கூடாதுங்கறப்ப நமக்கு மட்டும் யாரு அனுமதி குடுத்தா?

தம்பி, எனக்கு இப்ப 51. பெரியவள ஒன்பது வயசு வரைக்கும் அடிச்சேன். ஒரு நாள் அவ தங்கச்சிய அதே மாதிரி, நான் திட்டற அதே வார்த்தைய சொல்லி அடிச்சா. அன்னைக்கு வாசப்படில உக்காந்து அழுதேன். அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டத சொல்றேன், கோவம் திடீர்னு வரல, நமக்குத்தான் அது வர்றது தெரியல. எனக்கு மொதல்ல காது சூடாகும், தாடை இறுகும், அப்புறம் குரல் ஏறும், கை அதுக்கும் அப்புறந்தான். காது சூடானதுமே "அப்பா வெளிய போயிட்டு வரேன்"னு சொல்லிட்டு செருப்ப மாட்டிருவேன். சொல்லிட்டுப் போகணும், அது முக்கியம், சொல்லாம கதவ அறைஞ்சு சாத்திட்டுப் போனா அதுவும் அவங்களுக்கு பயந்தான். உங்களுக்கு பசியும் அசதியும் சேர்ற நேரம் அது, வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டுட்டு பத்து நிமிசம் கழிச்சுப் போங்க. இது மருந்து இல்ல, கொஞ்சம் இடைவெளி கெடைக்கும், அவ்ளோதான்.

அப்புறம் பையன்கிட்ட வாயத் திறந்து மன்னிப்பு கேளுங்க. "நீ பால கொட்டுனதால அடிச்சேன், ஆனா"ன்னு ஆரம்பிக்காதீங்க. "அப்பா அடிச்சது தப்பு" அவ்ளோதான். கேக் வேற நாளைக்கு வாங்கிக் குடுங்க.

மழைக்காலம்:
அண்ணா, நீங்க எழுதுனத படிச்சு மனசு கனத்துப்போச்சு. ஆனா ஒண்ணு கேக்கணும், அண்ணிய பத்தி ஒரு வரி கூட எழுதல. அவங்களையும் அடிக்கறீங்களா? எங்க வீட்டுல அப்பா எங்களத் தொட்டதே இல்ல, அம்மாவ மட்டுந்தான். அதப் பார்த்து வளந்த எனக்கு இன்னும் யாராவது பாத்திரத்த டொம்முனு வெச்சா வயித்த கலக்குது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல அடி மட்டும் இல்லண்ணா, கேவலமா திட்டறது, செலவுக்கு காசு குடுக்காம வெக்கறது எல்லாமே வரும். பெண்கள் உதவி எண் 181 அவங்க போன்ல இருக்கட்டும். நீங்களே பதிஞ்சு குடுங்க.

பனியன்_டெய்லர்:
நேர்மையா சொல்றேன்மா. அடிச்சதில்ல, ஆனா ரெண்டு தடவ சோத்துத் தட்ட வீசியிருக்கேன், ஒரு தடவ புடிச்சுத் தள்ளி கதவுல இடிச்சுக்கிட்டா. அது வேற கணக்குன்னு இத்தன நாள் நெனச்சுட்டு இருந்தேன்.

வார்டு_நர்ஸ்:
வேற கணக்கு இல்ல சார். 1990கள்ல அமெரிக்காவுல 17,000 பேருக்கு மேல சின்ன வயசு அனுபவங்கள கேட்டு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க. அடி வாங்குனது மட்டும் இல்லாம, அம்மா அடி வாங்கறத பார்த்து வளந்ததையும் அதுல தனியா எடுத்துக்கிட்டாங்க. இந்த மாதிரி பாதிப்பு கூடக்கூட, பெரியவங்களானதும் மனச்சோர்வு, குடி, இதய நோய் வரைக்கும் கூடுதலா இருந்துச்சு. அதுக்காக அடி வாங்குன எல்லாரும் அடிப்பாங்கன்னு அர்த்தம் இல்ல, நிறைய பேர் நிறுத்தியிருக்காங்க, மேல எழுதுன அண்ணனே சாட்சி. ஆனா தனியா பல்ல கடிச்சுக்கிட்டு நிறுத்தறவங்க அசந்த நேரத்துல திரும்ப விழறத வார்டுல பார்த்துருக்கேன். 14416க்கு போன் பண்ணுங்க, 2022ல இருந்து இருக்கற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல நேர்லயும் பார்க்கலாம். பைத்தியம்னு யாரும் எழுத மாட்டாங்க, உங்க தூக்கம், பிபி எல்லாம் கேப்பாங்க, அப்பா பெல்ட்ட எடுத்த கதையையும் கேப்பாங்க. அத ஒருத்தர்கிட்ட முழுசா சொல்லிப் பாருங்க.

பனியன்_டெய்லர்:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து பையன்கிட்ட சொன்னேன், "அப்பா அடிச்சது தப்பு"ன்னு. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான், அப்புறம் "பால் கொட்டுனா?"ன்னு கேட்டான். கொட்டுனாலும் அடிக்க மாட்டேன்னேன். "நோட்டு கிழிஞ்சா?"ன்னான். இப்படியே ஏழெட்டு கேட்டான்ங்க, ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னேன். பொண்டாட்டி சமையக்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா, ஒண்ணும் பேசல. அவகிட்ட இன்னும் சொல்லல, இன்னைக்கு சொல்லணும்.

ராத்திரி ஃபேன் சுவிட்ச போட கைய தூக்குனேன், பையன் கண்ண இறுக்கி மூடிட்டான். 14416க்கு பேசிட்டேன், நேர்ல போகச் சொன்னாங்க, வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கேன். ஓபி சீட்டு எத்தன மணிக்கு போடணும்?

வார்டு_நர்ஸ்:
ஏழரைக்கெல்லாம் போய் நின்னுடுங்க சார், கூட்டம் இருக்கும். ஆதார் கார்டு எடுத்துக்கோங்க. சாப்பிட்டுட்டுப் போங்க.