சந்தேகம்: ஹாஸ்மட் (அபாயப் பொருட்கள்) பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லுபடியாக இருந்தும் விமான நிறுவனத்தின் தணிக்கையில் குறை எழுதப்பட்டது ஏன்?

கேட்டவர்: பட்டறைத்தரம்

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில், எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பகுதி 145 சான்றிதழ் பெற்ற ஒரு சிறிய விமானப் பழுதுபார்ப்பு நிலையத்தில் தரப் பிரிவைக் கவனித்து வருகிறேன். அதே நிர்வாகத்தின் விதிகளில் பகுதி 121-இன் கீழ் இயங்கும் இரண்டு விமான நிறுவனங்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். அவற்றில் ஒன்றுக்கு அபாயப் பொருட்களை ஏற்றிச் செல்லும் அனுமதி உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. அனுமதி இல்லாத நிறுவனம் சென்ற மாதம் நடத்திய தணிக்கையில், எங்கள் கிடங்குப் பணியாளர்களின் ஹாஸ்மட் பயிற்சி போதாது என்று குறை எழுதிவிட்டார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பில் (49 சி.எஃப்.ஆர்.) பகுதி 172-இன் துணைப்பகுதி எச் கேட்கும் பயிற்சியை அனைவரும் முடித்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுக் காலக்கெடு ஒருவருக்கும் முடியவில்லை. தேர்வு எழுதிய சான்றும் கோப்பில் உள்ளது.

அபாயப் பொருளை ஏற்றவே மாட்டோம் என்று சொல்லும் நிறுவனம் எங்களிடம் இன்னும் என்ன பயிற்சியை எதிர்பார்க்கிறது? தீயணைப்புக் குப்பியைக் கழற்றும் மெக்கானிக்கும் இந்தப் பயிற்சியை எடுக்க வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: சரக்குப்பயிற்றுநர்

வணக்கம் ஐயா. பதில் சொல்வதற்கு முன் ஒரு விவரம் தேவை. அந்த நிறுவனத்துக்குச் சொந்தமான உதிரி பாகங்களை உங்கள் ஆட்கள் பெட்டியில் கட்டி, அந்த நிறுவனத்தின் விமானத்திலேயே அனுப்புகிறார்களா, அல்லது லாரியில் அனுப்புகிறார்களா?

பதில்: பட்டறைத்தரம்

இரண்டும் நடக்கின்றன. அவசரமான பாகங்களை நாங்களே கட்டி, விமான நிலையத்தில் அவர்களுடைய சரக்குப் பிரிவில் ஒப்படைக்கிறோம். அவை அவர்கள் விமானத்தில் நிறுவனப் பொருட்களாக, அதாவது கோமாட்டாக, போகின்றன. மற்றவை சாலை வழியே போகின்றன.

பதில்: சரக்குப்பயிற்றுநர்

அப்படியானால் தணிக்கையாளர் எழுதியது சரிதான். விதி 145.165-க்கு இரண்டு உட்பிரிவுகள் உண்டு. பெரும்பாலான சிறு பட்டறைகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. அபாயப் பொருட்களை அனுப்பும் முதலாளி என்ற வரையறைக்குள் வரும் பழுதுபார்ப்பு நிலையம் துணைப்பகுதி எச்-இன்படி ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது முதல் உட்பிரிவு. அதை நீங்கள் நிறைவேற்றியிருக்கிறீர்கள். இரண்டாவது வேறு வகையானது. விமானத்தில் ஏற்றப்படவிருக்கும் பொருட்களை ஏற்பது, மறுப்பது, கையாள்வது, இடையில் வைத்திருப்பது, நிறுவனப் பொருட்களைக் கட்டுவது, விமானத்தில் ஏற்றுவது ஆகிய வேலைகள் விதி 121.1001-இல் பட்டியலிடப்பட்டுள்ளன. இவற்றில் எதையாவது ஒரு விமான நிறுவனத்தின் சார்பில் உங்கள் ஊழியர் செய்தாலோ நேரடியாக மேற்பார்வையிட்டாலோ, எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் பெற்ற அந்த நிறுவனத்தின் சொந்தப் பயிற்சித் திட்டத்தின்படி அவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அதன் காலக்கெடு மூன்று ஆண்டு அல்ல, 24 மாதங்கள். உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவை. ஆனால் இந்த வேலைக்கு உரியவை அல்ல.

அபாயப் பொருளை ஏற்றாத நிறுவனம் ஏன் பயிற்சி கேட்க வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு 1996 மே 11 அன்று நடந்ததே விடை. மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட வேல்யூஜெட் 592 எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேரும் இறந்தார்கள். அபாயப் பொருள் ஏற்றும் அனுமதி அந்த நிறுவனத்துக்கு இல்லை. அதன் ஒப்பந்தப் பழுதுபார்ப்பு நிறுவனமான சேபர்டெக், எம்.டி.-80 விமானங்களிலிருந்து கழற்றிய இரசாயன ஆக்சிஜன் ஜெனரேட்டர்களை ஐந்து பெட்டிகளில் போட்டு, விமானச் சக்கரங்களுடன் சேர்த்து, காலியான குப்பிகள் என்று எழுதி நிறுவனப் பொருளாக அனுப்பியது. பல ஜெனரேட்டர்கள் காலியாகவே இல்லை. பாதுகாப்பு மூடிகள் பொருத்தப்படவில்லை. பொருத்தியதாக வேலை அட்டையில் கையொப்பம் மட்டும் இருந்தது. ஜெனரேட்டர் தட்டிவிடப்பட்டால் உள்ளே சோடியம் குளோரேட் சிதைந்து ஆக்சிஜனை வெளியிடும், உறையும் கடுமையாகச் சூடேறும். தீயும் அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் ஒரே பெட்டியில் பயணம் செய்தன. ஏற்ற மாட்டோம் என்று தாளில் எழுதி வைப்பதால் பயனில்லை, கட்டுகிறவரும் வாங்குகிறவரும் அந்தப் பொருளை அடையாளம் காண வேண்டும், 145.165 விதியை எஃப்.ஏ.ஏ. 2005-இல் கொண்டுவந்ததன் பின்னணி இதுவே.

இன்னொரு செய்தியையும் உங்கள் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். 1999-இல் சேபர்டெக் மீது பல குற்றங்கள் நிரூபிக்கப்பட்டன. 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மற்றவற்றை நீக்கிவிட்டு, ஊழியர்களுக்கு அபாயப் பொருள் பயிற்சி அளிக்கத் தவறிய குற்றத்தை மட்டும் உறுதி செய்தது. பயிற்சிச் செலவைப் பற்றி முணுமுணுக்கும் கூட்டங்களில் இதைச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

பதில்: சாங்கிபொறியாளர்

சிங்கப்பூரில் எஃப்.ஏ.ஏ. சான்றிதழ் பெற்ற ஒரு பட்டறையிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பதால், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது நாங்கள் துணைப்பகுதி எச்-ஐக் காட்டுவதில்லை; சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.-வின் தொழில்நுட்ப அறிவுறுத்தல்களின் நடப்புப் பதிப்பின்படி பயிற்சி அளித்திருப்பதாக எழுதித் தருகிறோம்.

உங்கள் மெக்கானிக்கைப் பற்றிய கேள்விக்கு என் கருத்து இது. விமானத்தில் பொருத்தப்பட்டிருக்கும் வரை தீயணைப்புக் குப்பி விமானத்தின் ஓர் உறுப்பு; கழற்றி அனுப்பத் தொடங்கினால் அது எரியாத, நச்சற்ற வாயுக்களுக்கான வகுப்பு 2.2-ஐச் சேர்ந்த சரக்கு, அதன் அடையாள எண் யு.என். 1044. குப்பியோடு பொருத்தப்பட்ட ஸ்குவிப்பில் (குப்பியைத் திறக்கும் சிறு வெடிக்கருவி) வெடிமருந்து மொத்தம் 3.2 கிராமுக்கு மிகாவிட்டால் வகைப்பாடு மாறாது. ஆனால் ஸ்குவிப்பைக் கழற்றி, தொலைந்துபோகாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு அதே பெட்டிக்குள் போட்டால், பெட்டிக்குள் தனியே ஒரு வகுப்பு 1 வெடிபொருள் வந்துவிடுகிறது. கிடங்குக்காரருக்கு அது தெரிய வழியில்லை. மெக்கானிக் எழுதிய அட்டைதான் அவருக்குக் கண். கழற்றுவதோடு அவர் வேலை முடிந்தால் சட்டம் அவரை ஹாஸ்மட் ஊழியர் என்று கருதுமா என்று வாதிடலாம். ஆனால் எரிபொருளை வடிப்பது, மூடி பொருத்துவது, அட்டை எழுதுவது எல்லாம் அனுப்புவதற்கான ஆயத்தமே. ஆகவே அவருக்கும் அடிப்படை விழிப்புணர்வுப் பயிற்சியும் தம் வேலைக்குரிய பயிற்சியும் கொடுத்துவிடுவதே நல்லது. எரிபொருள் மிச்சமிருக்கும் எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி, காற்று நிரம்பும் அவசரச் சறுக்கு, நிக்கல் காட்மியம் மின்கலம், புகைமுகமூடி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

விதி 145.206-ஐயும் பாருங்கள். தன் அனுமதி அல்லது தடையைப் பற்றி விமான நிறுவனம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதைப் பெற்றுக்கொண்டதை நீங்கள் ஒப்புக்கொண்டு, உங்கள் ஊழியர்களுக்கும் துணை ஒப்பந்தக்காரர்களுக்கும் தெரிவித்த பிறகுதான் வேலையைத் தொடங்கலாம். அந்தக் கடிதங்கள் உங்கள் கோப்பில் உள்ளனவா?

பதில்: பட்டறைத்தரம்

இருவருக்கும் மிக்க நன்றி. கடிதங்கள் உள்ளன, ஆனால் அவை தரப் பிரிவின் கோப்பில் மட்டுமே இருக்கின்றன, கிடங்குக்குத் தெரிவித்ததற்கான பதிவு இல்லை. அதை இந்த வாரமே சரிசெய்கிறேன்.

இன்னொரு சந்தேகம். அனுமதி பெற்ற மற்ற வாடிக்கையாளரின் திட்டத்தின்படி எங்கள் கிடங்கில் இருவர் ஏற்கனவே பயிற்சி பெற்றிருக்கிறார்கள். அவர்களையே இந்த நிறுவனத்துக்கும் பயன்படுத்த முடியாதா?

பதில்: சரக்குப்பயிற்றுநர்

முழுப் பயிற்சியும் இல்லாமல் முடியாது. ஒரே வேலையை இரண்டு நிறுவனங்களுக்குச் செய்பவருக்கு, இரண்டாவது நிறுவனம் தன் சொந்தக் கொள்கைகளையும் நடைமுறைகளையும் மட்டும் கற்பித்தால் போதும் என்று விதி 121.1005 ஒரு சலுகை தருகிறது. அதற்கு முதல் நிறுவனத்திடமிருந்து எழுத்து மூலமான உறுதிப்பாடு வேண்டும். அதோடு இரு நிறுவனங்களின் அபாயப் பொருள் அனுமதியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஏற்றுபவர், மற்றவர் ஏற்றாதவர். எனவே சலுகை பொருந்தாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் வேலை மாறியவர்களுக்கும் பயிற்சி பெற்றவரின் நேரடிப் பார்வையில் 30 நாட்கள் வரை செய்ய இடமுண்டு. உங்கள் பழைய ஊழியர்களுக்கு அதுவும் உதவாது.

தணிக்கைக் குறைக்கு எழுதும் பதிலில், அந்த நிறுவனத்தின் திட்டப்படி பயிற்சி நாளைக் கேட்டுக் கடிதம் அனுப்பியதைக் குறிப்பிடுங்கள். அது முடியும் வரை அவர்களுடைய பாகங்களை விமானச் சரக்குப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டாம். சாலை வழியே அனுப்புங்கள். சாலை வழிக்கு உங்கள் ஆட்களிடம் இப்போதுள்ள துணைப்பகுதி எச் பயிற்சியே போதும். அவசரம் என்று அழுத்தம் வந்தால், பெட்டியைக் கட்ட அந்த நிறுவனமே தன் பயிற்சி பெற்ற ஆளை அனுப்பட்டும்.